உப்புத் தண்ணீருக்கு ஏற்ற குறடு

"போன சீசன்ல ஒரு பொண்ணு கடல்ல போச்சே, கேள்விப்பட்டீங்களா சார்?"

கடைக்காரர் மேசையில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் குறடுகளை வரிசையாக வைத்தபடி கேட்டார். கேள்விப்பட்டேன் என்றேன்.

"கையில தூண்டில் நரம்பு சுத்திக்கிச்சு. மீன் கீழ இழுக்குது. டக்குனு வெட்டி விட்டா வேலை முடிஞ்சுது. கொறடு சரியில்ல சார். எங்கயோ பிளாட்பாரத்துல பொறுக்கின சரக்கா இருக்கும். நம்ம சாமான் ஒண்ணு அது இடுப்புல இருந்திருந்தா இன்னிக்கு உசுரோட இருக்கும். பாவம், சின்னப் பொண்ணு."

அந்தப் பெண் என் மனைவி. குறடு இந்தக் கடையில் வாங்கியது. அது அப்போது என் தோள்பையில் இருந்தது.

அவரோடு சண்டை போடத்தான் போயிருந்தேன். குறடை மேசையில் எறிந்து, இது உன் கடைச் சாமான்தானே என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் அவள் சாவையே சொல்லி எனக்குச் சரக்கு விற்கப் பார்த்ததும் அந்த வாக்கியங்கள் போதாமல் போய்விட்டன. பையின் ஜிப்பை மூடினேன்.

"உப்புத் தண்ணிக்கு எது நல்லா உழைக்கும்?" என்று கேட்டேன்.

"அப்படிக் கேளுங்க" என்றார்.

கடை துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. சுவர் முழுக்கத் தூண்டில் கம்புகள், கண்ணாடிப் பெட்டிகளில் முட்கள், ரீல்கள், நரம்புச் சுருள்கள். மேசையின் ஓரத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. வாய் வரைக்கும் கடல் தண்ணீர். உள்ளே தங்க நிறக் குறடு ஒன்று, பளபளவென்று, நின்றபடி. மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்திருந்தார். மேலே ஒட்டிய சீட்டில் 'வருடக்கணக்கில் ஊறுகிறது. துரு எங்கே?' என்று எழுதியிருந்தது. இந்த ஜாடியால் துறைமுகம் முழுக்க அவருக்கு ஊறுகாய்க்காரர் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பெருமைதான்.

"நல்லா பாருங்க சார். கண்ணாடி போட்டுக்கிட்டுகூடப் பாருங்க. ஒரு பொட்டு துரு காட்டுங்க, கடையவே எழுதித் தர்றேன்."

நான் வேலை பார்ப்பது கப்பலுக்குப் பெயிண்ட் தயாரிக்கும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில். உப்பில் உலோகம் எப்படிச் சாகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஜாடியைப் பார்த்த உடனே புரிந்தது. மூடி அடைத்த தண்ணீரில் கொஞ்சமே காற்று இருக்கும். அது தீர்ந்ததும் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். இப்படி வைத்தால் சாதாரண ஆணிகூடப் பல காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் யாரும் குறடை ஜாடியில் வைத்து மீன் பிடிப்பதில்லை. அது நனைகிறது, இடுப்பில் காய்கிறது, மறுபடி நனைகிறது. உப்பு தன் வேலையைச் செய்வது அந்த இடைவெளியில்தான்.

அவள் குறடு வாங்கியபோது நான் வேறொரு ஊர்க் கப்பல் பட்டறையில் இருந்தேன். என்னிடம் கேட்டு வாங்கும்படி அவள் அண்ணன் சொன்னாராம். "அவர்கிட்ட கேட்டா ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாரு. எனக்குக் காலைல போட் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம்.

துணியிலிருந்த தங்க நிறக் குறடு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இதான் நம்ம ராஜா. எடை பாருங்க, இறகு மாதிரி. வாயில லேசா ஆட்டம் இருக்கா பாருங்க. கிடையாது. அவ்வளவு டைட்."

அதே குறடு. அவளுடையது இதே அச்சு. புதிதாக இருக்கும்போது எப்படித் திறக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். விரல் வைத்ததும் திறந்தது.

"எல்லாத்துலயும் ஒண்ணு குடுங்க" என்றேன்.

"எல்லாத்துலயுமா? கடை வைக்கப் போறீங்களா சார்?"

"பாத்துப் பாத்து வாங்கணும்னு சொன்னாங்க."

அவர் சிரித்துக்கொண்டே பையில் போட்டார். அடித்தட்டில் கிடந்த ஒரு கருத்த இரும்புக் குறடையும் சேர்த்துப் போட்டார். "இது சும்மா வச்சுக்கங்க. கிழட்டுச் சாமான். லொட லொடனு ஆடும். ஆணி அடிக்கவாவது ஆகும்."

*

அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தார்கள். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் படகு. மச்சான் ஓட்டுவார். அவள் கைப்பிடி. அப்படியொரு வேலை உண்டு. முள்ளுக்கு மேலே இரண்டு ஆள் நீளத்துக்குத் தடித்த நரம்பு கட்டியிருக்கும். பெரிய மீன் படகோரம் வந்ததும் கம்பு வைத்திருப்பவர் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கைப்பிடி அந்தத் தடித்த நரம்பைக் கையுறையோடு பிடித்து, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, மீனை மேலே கொண்டுவர வேண்டும். மீன் திமிறினால் கையைத் திறந்துவிட வேண்டும். நரம்பு சிக்கிக்கொண்டால் வெட்டிவிட வேண்டும்.

வெட்டுவதற்குக் குறடு. கத்தி இல்லை. வாடிக்கையாளர்கள் இருக்கும்போது ஆடுகிற தளத்தில் திறந்த கத்தி கூடாது என்பது அந்தப் படகின் சட்டம். அது நல்ல சட்டம்தான். ஒரே கத்தி மச்சானின் சுக்கான் பக்கத்தில் இருந்தது.

அன்று மீன் படகுக்கு அடியில் புகுந்தது. சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி அவள் இடது கையை இறுக்கியது. வலது கையால் குறடை உருவினாள். அது திறக்கவில்லை. மச்சான் கத்தியோடு ஓடி வருவதற்குள் படகின் விளிம்பில் அவள் இல்லை.

"வாயில வச்சு இழுத்தா மாப்ள" என்று மச்சான் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

உடல் கிடைத்தபோது குறடு ஒரு சுருள் கயிற்றில் அவள் இடுப்போடு தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பிடியின் ரப்பரில் ஒரு பக்கம் மேல்பல் தடம். மறுபக்கம் கீழ்ப்பல் தடம். அவளுக்கு முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும். ரப்பரிலும் சாய்ந்திருந்தது.

ஆகவே கடையை மூடவைப்பது எனக்குப் போதாது. வழக்கு, நஷ்டஈடு, பத்திரிகைச் செய்தி எதுவும் வேண்டாம். ஊறுகாய்க்காரர் கையில் நரம்பு சுற்ற வேண்டும். அவர் கடைக் குறடு திறக்காமல் இருக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

*

குறடுகளை வீட்டின் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டேன். காலையில் கடல் தண்ணீரைத் தெளிப்பேன். வெயிலில் காயும். வேலையிலிருந்து வந்ததும் மறுபடி தெளிப்பேன். ஒவ்வொன்றும் உறைக்குள் இருப்பதுபோல வாய் மூடியே தொங்கியது. கம்பெனியில் இதைச் செய்ய ஒரு பெட்டி இருக்கிறது. இதைக் கம்பெனிப் பெட்டியில் செய்ய எனக்கு விருப்பமில்லை.

எதிர் வீட்டு அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டுவிட்டார். "என்னப்பா, கொறடுக்குத் தண்ணி ஊத்தி வளக்கிற? பூ விடுமா?"

"விடும்" என்றேன்.

விட்டது. முதலில் குரோம் பூச்சுப் போட்ட இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் பூத்தன. பூச்சில் ஓர் ஊசிமுனைத் துளை இருந்தால் போதும், உள்ளே இருக்கும் இரும்பு அதன் வழியாக வெளியே வரும். அவை எனக்கு உதவாது. துருப்பிடித்ததைப் பார்த்தாலே யாரும் தூக்கி எறிந்துவிடுவார்கள். கறுப்புப் பூச்சுக் குறடின் ஸ்பிரிங் ஒடிந்தது. அதுவும் உதவாது.

எனக்கு வேண்டியது தங்க நிறம். அதன் உடல் அலுமினியம், கீல் ஆணி எவர்சில்வர். உப்பு ஈரத்தில் இந்த இரண்டும் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் கரையும். கரைந்து வெள்ளைப் பொடியாகி, ஊதி, கீலைக் கவ்விக்கொள்ளும். 'அவ்வளவு டைட்' என்றாரே, அந்த இறுக்கத்தில் பொடிக்குப் போக இடமில்லை. உடம்பின் மேல்பூச்சு மட்டும் கடைசிவரை பளபளக்கும். ஒருநாள் அது பாதி திறந்து நின்றது. இன்னொரு நாள் திறக்கவே இல்லை. விளிம்பில் தெரிந்த வெள்ளையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன். புதுசுபோல இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். கல்.

சும்மா கொடுத்த கிழட்டுக் குறடு மட்டும் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. இரும்பு என்று நினைத்தது முழுதும் ஒரே எவர்சில்வர், கருத்துப்போனது அழுக்கால்தான். கீல் லொடலொடத்ததால் உப்பு உள்ளே போன வழியே வெளியே வந்தது. கடலுக்கு வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். எடை இருக்கும், பார்க்கச் சகிக்காது, ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம்தான் வேண்டும். தடித்த நரம்பை அதன் வெட்டுவாயில் வைத்து அழுத்தினேன். ஒரே அழுத்தம், இரண்டு துண்டு.

இரண்டையும் எடுத்து வைத்தேன். ஒன்று அவருக்கு. ஒன்று என் பாக்கெட்டுக்கு. பாக்கெட்டில் எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

*

ஊறுகாய்க்காரரோடு பழகுவது சுலபமாக இருந்தது. பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். கம்பு வாங்கினேன், ரீல் வாங்கினேன், முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டேன். சார் போய்த் தம்பி வந்தது.

"தம்பி, நீ கையை வச்சு ஏதோ பெரிய படிப்புப் படிச்சவன் மாதிரி முடிச்சுப் போடுற. மீன் சர்டிபிகேட் பாக்காது. இழு நல்லா!"

கைப்பிடி வேலையில் தன்னை அடிக்க ஆளில்லை என்பார். கடையில் கதவுப்பிடியில் நரம்பைக் கட்டி, உள்ளங்கையில் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். ஒரு சுற்று என்று வாயால் சொல்லும்போதே கை இரண்டு சுற்றிவிடும். நான் கவனித்தேன். திருத்தவில்லை.

"சூரை மீன் சீசன் ஆரம்பிச்சிருச்சுண்ணே. எங்க மச்சான் போட்ல போலாமா?" என்றேன்.

"உங்க மச்சானுக்குப் போட் இருக்கா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே, கள்ளப்பய!"

சாவுக்குப் பிறகு மச்சான் படகின் நிறத்தை மாற்றி, பேரை மாற்றி, அடுத்த துறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஆள் செத்த படகில் யாரும் ஏறுவதில்லை. அதனால் ஊறுகாய்க்காரருக்கு அது எந்தப் படகு என்று தெரிய வழியில்லை.

மச்சானுக்கு இவரைத் தெரியும். "அந்த ஜாடிக்காரனையா கூட்டிட்டு வர்ற? எதுக்கு மாப்ள?"

"தூண்டில் கத்துக்கறேன் மச்சான்."

மச்சான் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "சாப்பிடறியா ஒழுங்கா?" என்று மட்டும் கேட்டார்.

*

காலையில் கடல் அமைதியாக இருந்தது. ஊறுகாய்க்காரர் புதுத் தொப்பி, புதுக் கையுறை, இடுப்புப் பட்டையில் உறை. கரை மறைந்ததும் பட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் ஒன்றுக்குப் போனார். "இடுப்புல பாரம் இருந்தா வர மாட்டேங்குது தம்பி" என்றார்.

உறையைத் திறந்தேன். அவர் என்ன குறடு கொண்டுவருவார், அதற்கு ஏற்ப எப்படி மாற்றுவது என்று பல வழிகள் யோசித்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே தங்க நிறம். அதே அச்சு. புத்தம் புதிது.

மாற்றி வைத்தேன். கைக்கு நேரமே பிடிக்கவில்லை. பிறகுதான் மனம் இடறியது. தெரிந்தே மோசமானதை விற்கிறவன் தன் இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு கடலுக்கு வரமாட்டான். இந்த மனிதர் தன் ஜாடியைத் தானே நம்புகிறார். நான் தேடி வந்தது அயோக்கியனை. கிடைத்தது முட்டாள். முட்டாளைக் கொல்ல எனக்கு எவ்வளவு விருப்பம் என்று தெரியவில்லை. அவருடைய நல்ல குறடு என் சட்டைக்குள் வயிற்றில் குளிர்ந்தது.

அவர் திரும்பி வந்து பட்டையை மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினால் நல்லதையே திரும்ப வைத்துவிடலாம். அந்த நினைப்பில்தான் கேட்டேன்.

"உங்க கொறடு புதுசா இருக்கேண்ணே. எவ்வளவு காலமா வச்சிருக்கீங்க?"

"இதா? இன்னிக்குக் காலைல மாட்டினது. நான் பழசு எடுத்துட்டு வர்றதே இல்ல தம்பி. கடைக்காரனுக்கு என்ன குறை? கொக்கில தொங்குறதுல ஒண்ணை எடுத்து மாட்டிட்டு வந்துருவேன்."

"அப்ப பழசெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"பழசு ஏது? ஒரு தடவை வந்துட்டுப் போறதுல என்ன பழசாகும்? ஈரத்துணியில துடைச்சு, எண்ணெய் ஒரு சொட்டு, அட்டையில குத்தி மறுபடி தொங்க விட்டுருவேன். எவனும் கண்டுபிடிச்சதில்ல." கண்ணடித்தார். "நல்ல நாள்ல ஒண்ணு நனைஞ்சிருச்சுன்னா அதுக்காகத் தூக்கிப் போட முடியுமா? அதுவும் ராஜா மாதிரி சாமான்!"

இறுக்கமான கீலுக்குள் உப்பை ஊட்டி, எண்ணெய் போட்டு உள்ளேயே அடைத்து, அட்டையில் குத்தி விற்கிறார். அவருக்கு ஒருபோதும் குறடு மக்கர் செய்யாது, ஏனென்றால் அவரிடம் அது ஒருநாளுக்கு மேல் இருந்ததில்லை. மீதி நாட்களை அடுத்தவர் இடுப்பில் கழித்தது.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மாற்றுகிற நினைப்பு அதோடு போயிற்று.

வெயில் ஏறிய பிறகு என் கம்பு வளைந்தது. பெரியது. ரீல் அலறியது. மச்சான் படகைத் திருப்பித் திருப்பி மீனின் பின்னால் ஓட்டினார். தோள் மரத்துப்போகும் வரை சுற்றினேன். கடைசியில் தண்ணீருக்கடியில் நீலமாக ஒரு முதுகு தெரிந்தது. தடித்த நரம்பு மேலே வந்தது.

"நிறுத்து, நிறுத்து! இனி நம்ம வேலை" என்று ஊறுகாய்க்காரர் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துச் சாய்ந்து நரம்பைப் பிடித்தார். ஒரு சுற்று. கை பழக்கத்தில் இன்னொரு சுற்று. "வாடி ராசாத்தி, வா…"

நான் கம்பை அதன் குழாயில் செருகிவிட்டு நிமிர்ந்தேன். என் இரண்டு கையும் சும்மா இருந்தன.

மீன் அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தலைகீழாகப் போயிற்று.

அவர் விரலைத் திறந்தார். நரம்பு திறக்கவில்லை. சுற்றின் மேல் சுற்று ஏறியிருந்தது. தோள் விளிம்புக்கு வெளியே போயிற்று. "ஐயோ" என்று சாதாரணக் குரலில் சொன்னார். காலைப் பலகையில் உதைத்து நின்று, வலது கையால் குறடை உருவினார். கட்டை விரலால் நெம்பினார். படகு விளிம்பில் ஓங்கி அடித்தார்.

"திறக்கலடா! தம்பி, திறக்கல!"

"உங்க சாமான்தானே அண்ணே" என்றேன். "துரு எங்க?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்ததா தெரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. கையுறைக்குள்ளிருந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. குறடை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு பிடியைப் பல்லில் கடித்து, மற்றதைக் கையால் இழுத்தார்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கை போய், ஒரு கை மிஞ்சினால், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

குறடை வாயில் வைத்தாள் என்று மச்சான் சொல்லித் தெரியும். எவ்வளவு அழுத்திக் கடித்தாள் என்று ரப்பரைப் பார்த்துத் தெரியும். முகம் மட்டும் தெரியாமல் இருந்தது. எத்தனையோ விதமாக வைத்துப் பார்த்திருந்தேன். பயந்த மாதிரி, அழுகிற மாதிரி, என்னைக் கூப்பிடுகிற மாதிரி. ஒன்றும் இல்லை. அது வேலை செய்கிற முகம். திறந்துவிடும், இதோ திறந்துவிடும் என்று முழுமனதாக நம்புகிற முகம். கடையில் தன் கையால் வாங்கிய பொருளை நம்புகிற முகம்.

பாக்கெட்டிலிருந்து கிழட்டுக் குறடை எடுத்து வெட்டினேன்.

இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் தண்ணீருக்குள் போய்விட்டால் நான் பேச ஆள் இருக்காது.

*

மச்சான் கத்தியோடு வந்து நின்றபோது ஊறுகாய்க்காரர் தளத்தில் உட்கார்ந்திருந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கையுறையோடு தொங்கின. பக்கத்தில் தங்க நிறக் குறடு கிடந்தது. மச்சான் அதை எடுத்தார். திறந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது இவரோடதா, நீ கொண்டாந்ததா?"

"நான்தான்."

கன்னத்தில் அறைந்தார். என் கண்ணாடி கடலில் விழுந்தது.

"என் போட்ல இன்னொண்ணா? என் போட்லயாடா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?" அவர் குரல் உடைந்தது. சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தார். "சுத்து. இறுக்கிப் பிடி. கையைத் தூக்கியே பிடி. கரை வர்ற வரைக்கும் விட்டே, உன்னையும் தூக்கி உள்ள போட்டுருவேன்."

சுக்கானுக்குப் போய் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கினார்.

ஊறுகாய்க்காரரின் கையைச் சட்டையில் சுற்றி, என் இரண்டு கையாலும் அழுத்தி, அவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் உதடு வெளுத்திருந்தது.

"யாருப்பா நீ?" என்றார்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரன்."

"எந்தப் பொண்ணு?"

"போன சீசன்ல கடல்ல போச்சே. சின்னப் பொண்ணு. நீங்கதானே சொன்னீங்க."

அவர் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது நம்ம கடையில வாங்கல" என்றார். "நம்ம கடையில வாங்கியிருந்தா…"

"வாங்கியிருந்தா?"

அவர் தன் கையைச் சுற்றியிருந்த சட்டையைப் பார்த்தார்.

"உங்க கடையிலதான் வாங்கினா. கொக்கில தொங்கினதுல ஒண்ணு. அது புதுசா, நீங்க கடலுக்குக் கொண்டுபோய்த் துடைச்சு மாட்டினதான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"நான் வேணும்னு செய்யலப்பா. சத்தியமா… எனக்கு மூணு பொண்ணு."

"எனக்கு ஒருத்திதான் இருந்தா" என்றேன்.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிடியைத் தளர்த்தினேன். சட்டை உடனே நனைந்தது. அவர் கண்ணைப் பெரிதாக்கினார். மறுபடி அழுத்தினேன். அதன் பிறகு அவர் இழுக்கவில்லை. நான் பிடித்திருக்கிற வரைக்கும்தான் ரத்தம் நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

சொல்ல ஆரம்பித்தேன். இன்ஜின் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள் என்றேன். விசில் அடிக்க வராது, ஆனாலும் அடிப்பாள் என்றேன். யார் என்ன கதை சொன்னாலும், "அப்புறம்?" என்பாள், கதை முடிந்த பிறகும் "அப்புறம்?" என்பாள் என்றேன். அவர் கண்ணை மூடினார். "கண்ணைத் திறங்க" என்றேன். திறந்தார்.

"ஸ்கூட்டரைக் கோணலா நிறுத்துவா. கேட்டா, வண்டி நேராத்தான் இருக்கு, தெருதான் கோணல்ம்பா."

"தெரு இல்ல" என்று மச்சான் முன்னாலிருந்து, திரும்பாமல், கத்தினார். "வீடு. வீட்டைக் கோணலாக் கட்டிட்டாங்கன்னு சொல்லுவா."

"ஆமா. வீடு" என்றேன்.

திருத்திச் சொன்னேன். ஊறுகாய்க்காரர் தலையை ஆட்டினார். அவர் அழுதுகொண்டிருந்தார். வலியா, வேறா, எனக்குக் கவலை இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் வேண்டும். இரவில் கால் ஜில்லென்றிருக்கும், என் முதுகில் வைப்பாள் என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் மறந்தாலும் அவர் கையில் இல்லாத இரண்டு விரல் நினைவுபடுத்தும்.

மச்சான் ரேடியோவில் சொல்லியிருந்ததால் துறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. படகைக் கட்டினார்கள். சீருடைக்காரர் ஒருவர் தாவி இறங்கி எங்கள் பக்கத்தில் மண்டியிட்டு, சட்டையோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்தார்.

"விடுங்க சார். இனி நான் பாத்துக்கறேன்."

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"சார், விடுங்க."

ஊறுகாய்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் கதையின் பாதியில் இருந்தேன்.